தழும்பைக் காட்டப் போன இடத்தில்

ராணுவத்தில் சமையல்காரனாக இருந்தேன். முகாமில் ஸ்டவ் வெடித்ததில், வலது தோளிலிருந்து முழங்கை வரை தீத்தழும்பு. ‘காயம் ஆறிவிட்டது’ என்று ஊனத்துக்கான பென்ஷனை மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்தேன். மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டதும், மனைவி கஸ்தூரியோடு உத்திரமேரூரிலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

ராணுவ ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறைக்குள் மூன்று ராணுவ டாக்டர்கள். அவர்கள் தோள் நட்சத்திரங்களைக் கண்டதும் பழைய வியாதி வந்துவிட்டது. விறைப்பாக நின்றேன்.

“கையில் ஏதாவது கஷ்டம் இருக்கா?”

“ஒன்றுமில்லை சார்! ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்!”

சொன்ன பிறகுதான் உறைத்தது. கஷ்டம் இருக்கிறது என்று சொல்லத்தானே வந்தேன்! ஆனாலும் நாக்கு அட்டென்ஷனிலேயே நின்றது.

“சட்டையைக் கழற்றுங்க.”

இடது கையால் பட்டனோடு மல்லுக்கட்டினேன். கதவோரம் நின்றிருந்த கஸ்தூரிக்குப் பொறுக்கவில்லை. உள்ளே வந்துவிட்டாள்.

“இன்னாய்யா ஃபர்ஸ்ட் கிளாஸு? சார், இவரு கை தோளுக்கு மேல ஏறாது சார். தெனம் நான்தான் சட்டை மாட்டி, தல சீவி வுடறேன். வெயில்ல தழும்பு இழுத்துக்கினு துடிப்பாரு. கேட்டா ஒண்ணியும் இல்லம்பாரு.”

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. என் கையை மெல்லத் தூக்கி, எங்கே நிற்கிறது என்று அளந்து எழுதினார்.

“தழும்போட அளவு மட்டும் போதாது. அது உங்களை என்ன செய்யவிடலைன்னும் பார்த்துத்தான் முடிவு பண்ணுவோம். அதை நீங்கதான் சொல்லணும்.”

மேல்முறையீடு ஜெயித்தது. இப்போதெல்லாம் கஸ்தூரி “வலிக்குதா?” என்று கேட்டால், “வலிக்குது” என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சில நாள் கொஞ்சம் கூட்டியே சொல்வேன். அன்றைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள்.