பாலாற்று மணலில் ஐந்து வாசற்படி

என் மகள் கோதைக்குப் பதின்மூன்று வயது. நூறு மீட்டர் ஓட்டத்தில் அவள் பள்ளியில் அவளுக்கு முன்னால் ஆள் கிடையாது. ஆனால் விளையாட்டு ஆசிரியை மும்தாஜ் டீச்சர், மாவட்ட ஐம்போட்டிக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், எண்ணூறு மீட்டர், ஐந்தும் ஒருத்தியே செய்ய வேண்டும்.

"ஓடிக்கினே இருந்தா பத்தாது மா. இந்த வயசுல உடம்பு முழுக்கப் பழகணும்," என்பார்.

பள்ளியிலிருந்து ஒருத்திக்குத்தான் இடம். பாலாற்று மணலில் ஒரு நாள் பயிற்சி வைத்து, அன்றே பெயர் சொல்வதாக ஏற்பாடு. எட்டுப் பெண்களுக்குச் சாப்பாடு என் பொறுப்பு.

பங்குனி ஞாயிறு. காலை 5.50க்குக் காஞ்சிபுரத்தில் செங்கல்பட்டு பஸ். பழைய சீவரம் 22 கி.மீ., ஆளுக்கு எட்டு ரூபாய். பையை நகர்த்திய கண்டக்டர் முகம் சுளித்தார்.

"இட்லியா மா? இவ்ளோ கனமா இருக்குது."

"அது இரும்புக் குண்டுபா. இட்லி அந்தப் பையில."

"ரெண்டையும் மாத்திப் போட்டுடாதீங்க."

6.40க்கு இறங்கி, மலைமேல் நரசிம்மரைக் கும்பிட்டு ஆற்றில் இறங்கினோம். கோடையில் நடுவில் ஒரு கால்வாய் அளவுதான் தண்ணீர், எதிர்க்கரை திருமுக்கூடல். தவளைத் தாவல், ஒருத்தியை ஒருத்தி முதுகில் சுமப்பது, இரு கையாலும் எறிவது எனக் காலை முழுக்க ஓட்டமே இல்லை. கோதை எல்லாவற்றையும் சமாளித்தாள்.

பிறகு செங்கல் அடுக்கி, மேலே மூங்கில் வைத்து ஐந்து தடைகள். ஒவ்வொரு தடைக்கும் முன்னால் கோதை தத்தித் தத்தி நின்று, வலது காலை முன்னால் கொண்டுவந்த பிறகே தாண்டினாள். காலையிலிருந்து அவளுக்கு ஈடாக நின்ற இன்னொருத்தி அதற்குள் முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டாள்.

"எந்தக் கால் வருதோ அதால தாண்டு கோதை," என்றார் டீச்சர். பிறகு என்னிடம், "இடது காலை வீட்லயே வச்சிட்டு வந்துட்டாளா மா?"

கோதை என்னைப் பார்த்தாள். "வாசற்படி மாதிரி இருக்குது. இடது காலை முதல்ல வச்சா தப்புன்னு நீதானேம்மா சொன்ன?"

பெண்கள் சிரித்தார்கள். நடை பழகிய நாளிலிருந்து நான் சொன்னதுதான்.

தையில் எங்கள் காஞ்சி வரதராஜப் பெருமாள் இந்த ஆற்றைக் கடந்து எழுந்தருள்வார். பல்லக்குக்குப் பின்னால் பல வருஷம் நடந்திருக்கிறேன். அது நினைவுக்கு வந்தது.

"பெருமாளைத் தூக்கறவங்க ஒரே தோள்லயா வராங்க? தோள் மாத்திக்கினுதானே வராங்க. நீ கால் மாத்துடி."

முதல் முறை மூங்கிலோடு விழுந்தாள். "மண்ணு எப்படிடி இருக்குது, உப்பு போதுமா?" என்றாள் ஒருத்தி. புளியோதரைக்குப் பிறகு வெயில் தாழும்வரை கரை நிழலில் இருந்துவிட்டு, மறுபடி அதே ஐந்து தடைகள். நாலரை மணிக்கு டீச்சர் கோதையையும் அந்தப் பெண்ணையும் சேர்த்து ஓடவிட்டார். இடது, வலது, இடது, எங்கும் நிற்கவில்லை. கோதை மூன்றடி முந்தி வந்தாள். டீச்சர் நோட்டை எடுத்து அவள் பெயரை எழுதினார்.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் மணலில் இறங்கிவிடுங்கள், பதினொன்றுக்கு மேல் கால் வைக்க முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். திரும்ப 5.15 பஸ்ஸில் இடம் கிடைக்கும். பிள்ளைகள் எதில் கெட்டிக்காரர்களோ அதை ஒரு நாள் ஒதுக்கிவையுங்கள், மற்றது தெரியவரும். நாம் சொல்லிக்கொடுத்ததும் தெரியவரும்.

வீட்டு வாசலில் கோதை நின்றாள். "இங்க எந்தக் கால்மா?"

"இங்க வலதுதான். இது தடை இல்ல, வீடு."