அம்மன் காட்டு மண்ணும் எங்கள் அண்ணனும்

இதை எழுத நோட்டை எடுப்பதும் மூடி வைப்பதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. உயிரோடு இருந்தவரை அண்ணனே தடுத்தார். அவர் மறைந்து இன்றோடு ஓராண்டு. அம்மனுக்குச் சூடம் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள்.

அழகர்கோவில் மலைக்குக் கீழே எங்கள் ஊரில் அண்ணன் பிறந்தார். அப்பா தவறியதும் எட்டாம் வகுப்போடு நின்று, அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறைக்குப் போய் அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். என்னை ஆனையூரில் கட்டிக்கொடுத்த பிறகு ஊர் திரும்பி விவசாயம் பார்த்தார். பங்காளிகள் குலதெய்வக் கோயில் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். படையல் முடிந்ததும் முதல் திருநீறு அவருக்குத்தான்.

கோயிலைச் சுற்றிய காட்டில் உசிலை, இலுப்பை, நாவல், வெப்பாலை, விளா எல்லாம் கலந்து நிற்கும். அங்கே விழுந்த இலையைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. என் வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் கிடந்தபோது, அவர் பிழைத்தால் காட்டில் பாதியைச் சுத்தம் செய்து, அம்மனுக்கு உகந்த வேம்பு மட்டும் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். பிழைத்தார்.

"தாயி, அந்தக் காட்டுல மட்டும் கை வைக்காத" என்றார் அண்ணன்.

மகள் பிரசவத்துக்கு அவர் திருப்பூர் போயிருந்த நாட்களில், ஆனையூரிலிருந்து ஆள் கூட்டிப்போய் வெட்டினேன். சருகைக் கூட்டிக் கொளுத்தி, வேப்பங்கன்றுகளை நட்டேன். கோலமே போடலாம், தரை அப்படி இருந்தது. அம்மன் மனம் குளிர்வாள் என்றே நம்பினேன்.

அண்ணன் வந்து பார்த்தார்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டதுண்ணே."

"ஆத்தா ஒங்கிட்ட வெளக்கமாறு கேட்டாளாக்கும்?"

பங்காளிகள் கூடிக் கொதித்தார்கள். கட்டிக்கொடுத்த பெண் சாமிக் காட்டை வெட்டினாள் என்று தெரிந்தால், அந்தக் கோயிலில் நான் இனிப் பொங்கல் வைக்க முடியாது. நான் வாய் திறக்குமுன் அண்ணன் எழுந்து, "நாந்தேன் வெட்டச் சொன்னேன்" என்றார். முதல் திருநீறு அன்றோடு அவரை விட்டுப் போயிற்று. நான் பேசாமல் நின்றேன்.

அடுத்த மழையில் என் வேம்புத் தரை தண்ணீரைக் குடிக்கவில்லை. செந்நீராக ஓடியது. வெயிலில் இறுகி, கடப்பாரை இறங்கவில்லை. பாதிக் கன்றுகள் கருகின. பக்கத்தில் வெட்டாத காட்டிலோ, சருகை விலக்கினால் மண் ஈரமாய்ப் பொலபொலவென்று இருந்தது.

அண்ணன் அம்மனிடம் பூக்கேட்டு உத்தரவு வாங்கி, அந்தப் பாதியிலிருந்து சருகு அள்ளி இந்தப் பாதியில் பரப்பினார். அங்கேயே விதை பொறுக்கிக் கன்று போட்டு நட்டார். பிழைத்த வேம்புகளையும் விட்டுவைத்தார்.

"வேம்பு மேல குத்தமில்ல. அதத் தனியா நிக்க விட்டதுதேன் குத்தம். உசில எல வெரசா மக்கி மண்ணுக்குச் சோறாகும். இலுப்ப எல அம்புட்டு வெரசா மக்காது, வெயிலு படாம மூடிக் கெடக்கும். ஒண்ணு வேரு மேலாக ஓடும், ஒண்ணு ஆழத்துக்குப் போகும். அம்புட்டும் சேந்தாத்தேன் மண்ணு உசுரோட கெடக்கும்" என்பார்.

வெள்ளிதோறும் பஸ் ஏறி வந்து நான் தண்ணீர் ஊற்றுவேன். "நேத்திக்கடன் இன்னுமா முடியல ஒனக்கு?" என்று சிரிப்பார். வருடங்கள் அப்படி நிறைவாகவே போயின.

நடக்க முடியாத கடைசி நாட்களில் அவரை நாற்காலியோடு காட்டுக்குத் தூக்கிப்போனோம். நான் வெட்டிய பக்கத்தில் மண்ணைக் கிளறச் சொன்னார். விரல் இறங்கியது. மண்புழு ஒன்று நெளிந்து ஒளிந்தது.

"வந்துட்டாருடி பங்காளி!" என்றார். நாலாம் நாள் தூக்கத்திலேயே அம்மனடி சேர்ந்தார்.

நாற்காலி தூக்கிய பிள்ளைகளுக்கும், கோடையில் டிராக்டரில் தண்ணீர் கொடுத்த பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சிக்கும், கடைசிவரை முகம் சுளிக்காத அண்ணிக்கும் என் கும்பிடு. எனக்கு இனிப் பொங்கல் வைக்க இடமுண்டா என்பதைப் பங்காளிகள் சொல்லட்டும். எதுவானாலும் சம்மதம்.

காட்டை அழித்தவரும் அவர், வளர்த்தவரும் அவர் என்று ஊரில் பேசுகிறார்கள். அழித்தவள் நான். உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது, அண்ணனைப் போல என்மேல் இரக்கப்பட்டு மாற்றிவிடாதீர்கள். எழுதியிருப்பதை அப்படியே சொல்லுங்கள்.