ஏழாவது துண்டு

அக்காவின் குழந்தையைப் பார்க்கப் பீர்மேடு போயிருந்தேன். பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக் கட்டிலில் மல்லாக்கக் கிடந்தான். கண்கள் என் முகத்தைத் தொடர்ந்தன. கால்கள் மட்டும் தவளைக்கால்போல விரிந்து அசையாமல் கிடந்தன. தூக்கியதும் தலை துவண்டு தொங்கியது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு உள்ளே போனது, வயிறு மேலே எழும்பியது.

"சமத்துப் பிள்ளடி. உதைக்காம கெடக்கான்," என்றாள் அக்கா.

குழந்தையை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

நான் கணினி உயிரியலில் ஆராய்ச்சி மாணவி. மரபணுவிலிருந்து உருவாகும் ஆர்என்ஏ இழையை உயிரணு வெட்டி ஒட்டித்தான் பயன்படுத்தும். இழை எப்படி மடிந்திருந்தால் வேண்டிய துண்டு விடுபட்டுப்போகும் என்று கணிப்பது என் வேலை. நான் எடுத்துக்கொண்டது தசையைத் தளர்த்தும் ஒரு நோய். அசல் மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்கு அதன் மாற்று மரபணு ஒன்றுதான் கதி. அதில் பெரும்பாலும் ஏழாவது துண்டு விடுபடும். தசை ஓயும், பிறகு மூச்சும் ஓயும். இதை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு குழந்தையைத் தொட்டதில்லை.

பால் கேட்டுச் சன்னமாக அழுதான். வாய்க்குள் நாக்கின் ஓரம் துடித்துக்கொண்டே இருந்தது. அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சளி மாதிரி இருக்கிறது, காட்டிவிடலாம் என்று சொல்லி ஜீப் பிடித்தேன்.

மலை இறங்கும்போது பனிமூட்டத்தில் ரோடே தெரியவில்லை. அக்கா என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"சளின்னா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வரமாட்ட. என்னன்னு சொல்லு."

சொன்னேன். அவள் அழவில்லை. துண்டை இழுத்து அவனை இறுக்கிப் போர்த்தினாள்.

"என்கிட்ட இருந்தா வந்துச்சு?"

பாதி அவளிடமிருந்து, பாதி மச்சானிடமிருந்து என்றேன். இருவர் உடம்பிலும் அது வெளியில் தெரியாமலே இருக்கும் என்றும் சொன்னேன். பிறகு ஆசுபத்திரி வரைக்கும் அவன் மூச்சையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

ரத்தப் பரிசோதனையில் அதே நோய்தான் என்று வந்தது. அரசுத் திட்டத்தில் மருந்து கிடைத்தது. தினமும் வாயில் ஊற்றும் அந்த மருந்து, ஏழாவது துண்டை விடுபடாமல் பிடித்து வைக்கும். இப்போது தலையணை அண்டக்கொடுத்தால் உட்காருகிறான். நிற்பானா என்று கேட்டால் டாக்டர் அடுத்த மாத மருந்துக்குச் சீட்டு எழுதுகிறார்.

அக்காவிடம் இருப்பது என்னிடமும் இருக்கலாம் என்று என்னையும் ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். கல்யாணப் பேச்சு நடக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை.