அப்பாவுக்குக் கண் திறந்த ஏஐ

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை. அப்பா இறந்துவிட்டார். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

பதினாறாம் நாள் காரியத்துக்கு, பெங்களூரு நீலசந்திராவில் எங்கள் தெருமுனையில் 'கண்ணீர் அஞ்சலி' ஃப்ளெக்ஸ் கட்ட வேண்டும். போட்டோ? அங்கேதான் சிக்கல். ஃபிளாஷ் அடித்தாலே அப்பாவுக்குக் கண் மூடிக்கொள்ளும். கல்யாண வீடு, காதுகுத்து, என் மொபைல்... எல்லாப் படத்திலும் கண்மூடித்தான் இருக்கிறார்.

"இதையா போடுவ? பொணத்தப் படம் புடிச்ச மாதிரி இருக்குடா!" என்றார் சித்தப்பா.

ஃப்ளெக்ஸ் கடை மஞ்சண்ணா கன்னடக்காரர். தமிழும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. "டென்ஷன் பேடா, வேணாம் தம்பி. ஏஐ இருக்குல்ல? கண்ணத் தொறந்துடலாம்."

எட்டாவதோடு படிப்பை விட்டு, டெலிவரி பைக் ஓட்டுகிறவன் நான். பெரிய அபார்ட்மென்ட் லிஃப்ட்டுகளில் தினமும் காதில் விழும் — "மச்சான், ஏஐ நம்ம வேலைய முழுங்கிடும்டா." படித்தவர்களே பயப்படுகிற சாமான்! அது திறந்து வைக்கிற கண்ணைப் பார்த்துவிட்டால், அப்புறம் அப்பா என்றாலே அதுதானே ஞாபகத்துக்கு வரும்?

மஞ்சண்ணா ஒரு தட்டு தட்டினார். திறந்துவிட்டது. பெரிய, சாந்தமான கண்.

"சாமி மாதிரி இருக்காருடா எங்கண்ணன்!" சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

இது அப்பாவின் கண்ணா, இல்லையா? அதற்குள்ளேயே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பெற்ற பிள்ளைக்கு!

படத்தை மொபைலில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நீட்டினேன். அம்மாவும் தலையாட்டிவிட்டால்?

"யாருடா இந்த ஆளு?"

"அப்பாதாம்மா... ஏஐ கண்ணத் தொறந்திருக்கு."

"இதா உங்கப்பன்? அவருக்கு இடது கண்ணு சின்னது. கோவம் வந்தா இன்னும் சுருங்கும். இவன் என்னடா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பாக்கறான்! என்னைக்காவது என்னை இப்படிப் பாத்திருப்பாரா அந்த மனுஷன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பா போன பிறகு முதல் சிரிப்பு.

அப்பாடா! இடது கண் சின்னது — ஆமாம்! அப்பா முகம் எனக்கு முழுசாகத் திரும்பி வந்துவிட்டது.

ஏஐ மேல் எனக்குக் கோபமில்லை. யார் வேலை போகும், உலகம் எப்படி மாறும் — எனக்கென்ன தெரியும்? அது எத்தனையோ கண்களைப் பார்த்திருக்கும். எங்கப்பாவிடம் முறைப்பு வாங்கியதில்லை, அவ்வளவுதான்.

கண்மூடிய படத்தையே அடிக்கச் சொன்னாள் அம்மா. இப்போது வாசலில் நின்றாலே ஃப்ளெக்ஸ் தெரிகிறது. காலையில் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"முறைக்காம இருந்தா நல்லாத்தான்டா இருக்காரு."