கூரை மாற்றிய வருடம்

சிராங்கூன் சாலைக்குப் பின்னால், ஒரு சந்தில் இருந்தது, வரிசையாக ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்றான எங்கள் பழைய டெரஸ் வீடு. கீழே கூடமும் சமையலறையும். படுக்கையறைகள், குளியலறை, கழிப்பறை எல்லாம் மாடியில். மழை நாட்களில் மாடியில் வாளி வைப்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. ஒரு டிசம்பரில் கட்டிலுக்கு நேர் மேலேயே ஒழுகத் தொடங்கியதும், கூரையையே மாற்றிவிடலாம் என்றார் என் கணவர். பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் பிரித்துப் பார்த்தால்தான் நம்புவார்.

கூரை வேலைக்குக் கூப்பிட்டிருந்த குத்தகைக்காரர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“பாதி ஓடு விரிசல் விட்டிருக்கு அண்ணே. கீழ கட்டையில கறையான். மெட்டல் ஷீட் போட்டுடுங்க. லேசா இருக்கும், சீக்கிரம் முடிஞ்சிரும்.”

“மழை பேஞ்சா சத்தம் கேக்குமே?”

“அடியில இன்சுலேஷன் வச்சிரலாம். முன்ன மாதிரி இல்ல இப்ப.”

செங்காங்கில் இருக்கும் எங்கள் மகளும் அதைத்தான் சொன்னாள். “மெட்டலே போடுங்கப்பா. மிச்சமாகுற காசுல கீழ ஒரு பாத்ரூம், சின்னதா ஒரு பெட்ரூம் கட்டிடலாம்லா. ரெண்டு பேருக்கும் வயசாகுது.”

“மேல தண்ணி வராம இருந்தாத்தான் கீழ எதுவும் நிக்கும்,” என்றார் அவர்.

மகள் என்னைப் பார்த்தாள். “முதல்ல கூரை முடியட்டும்மா,” என்றேன். அப்போது எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

அதன்பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் கூரை பார்ப்பதில் கழிந்தன. காலையில் தோசை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். கடைவீடுகளின் ஓடுகளை எதிர்ச்சாரியில் நின்று பார்ப்பார். வெயிலில் எனக்குக் கழுத்து வலிக்கும். ஆனாலும் பணிமனையில் ஷிப்டு ஷிப்டாக உழைத்த காலத்தில் இப்படிச் சேர்ந்து நடந்ததே இல்லை என்பதால், வலியைச் சொல்லாமல் கூடவே போனேன். கான்கிரீட் ஓட்டில் சாயம் வெளுத்துவிடும் என்று ஒரு வீட்டைக் காட்டிச் சொன்னார். சுவா சூ காங்கில் ஒரு நண்பரின் வீட்டில் தகரக் கூரை. நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நண்பர் பேசியதையே மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. திரும்பும் வழியில், “களிமண் ஓடுதான்,” என்றார். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

பழைய கட்டைகளை முழுக்கக் கழற்றிவிட்டு, கறையான் அரிக்காத புதுக் கட்டை அடிக்கச் சொன்னார். அதன்மேல் தண்ணீர் இறங்காத விரிப்பு. அதற்கும் மேல் ஓடு.

“எல்லா ஓட்டுக்கும் ஸ்க்ரூவா? ஓரத்துக்கும் உச்சிக்கும் போட்டாப் போதும்ணே,” என்றார் குத்தகைக்காரர்.

“எல்லாத்துக்கும் போடுங்க. நான் போற வரைக்கும் யாரும் மேல ஏறக் கூடாது.”

வேலையும் செலவும் நீண்டுகொண்டே போயின. கீழ்க் குளியலறையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தோம். முடிந்ததும் வந்த முதல் மழையில், இருவரும் மாடிக் கட்டிலில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டுக்கூட இல்லை.

அடுத்த வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, இடது கால் திரும்பவில்லை. கூடத்தில் கட்டிலும் பக்கத்தில் ஒரு கழிப்பறை நாற்காலியும் போட்டோம். குளிக்க மட்டும் மருமகனும் நானும் தாங்கி மாடிக்கு ஏற்றுவோம். ஒருநாள் மருமகன் வர நேரமாகியது. காத்திருக்காமல் நாங்களே ஏறினோம். பாதிப் படியில் அவர் கால் மடங்கிச் சரிந்தார். என்னால் தூக்க முடியவில்லை. அவரை அணைத்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

“கீழ கட்டியிருக்கலாம்,” என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி. அதைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு முறைதான்.

வீட்டை விற்றுவிட்டு, புக்கிட் பாத்தோக்கில் மின்தூக்கி நிற்கும் தளத்திலேயே ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். எங்களுக்கு மேலேயும் யாரோ குடியிருக்கிறார்கள். மழை பெய்வதே ஜன்னலைப் பார்த்தால்தான் தெரிகிறது.

சென்ற ஆண்டு பழைய பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். வாங்கியவர்கள் இன்னொரு மாடி எழுப்பக் கூரையைப் பிரிக்கிறார்களாம். நான் மறைத்திருப்பேன். ஆனால் போனை எடுத்தவர் என் கணவர்தான். பார்க்க வேண்டும் என்றார். டாக்ஸியில் சக்கர நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு போனோம்.

ஓடுகள் சரிவுக் குழாய் வழியாகக் கட்டடக் கழிவுத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தன. ஓட்டுக்கு ஓடு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டியிருந்ததில் மேலே இருந்தவர்கள் சலித்துக்கொள்வது கீழே கேட்டது. வீட்டுக்காரி, இளம் சீனப் பெண், எங்களை யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் தயங்கினாள். குழந்தைகளுக்கு அறை போதவில்லை, அதனால்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

“ஒழுகுச்சா?” என்று கேட்டார் அவர். நான் மொழிபெயர்த்தேன்.

ஒருநாளும் இல்லை அங்கிள், என்றாள்.

வீடு வரும்வரை அதைத் தமிழரான டாக்ஸிக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். டாக்ஸிக்காரரும் நல்லா சொன்னீங்க என்று தலையாட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது, வயசாகுது என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்த மகளின் முகம்.