சிவநேசனும் அம்புலன்ஸ் வோக்கிடோக்கியும்

"சேர், நம்ம சிவநேசன் ஐயா போயிட்டாருங்க" என்று ஹுன்னஸ்கிரியவிலிருந்து முத்துராஜ் தொலைபேசியில் சொன்னார். யுத்தகாலத்தில் எங்கள் நலன்புரிச் சங்கத்தின் அம்புலன்ஸை ஓட்டியவர் முத்துராஜ்.

சிவநேசன் யாழ்ப்பாணத்தவர். கண்டியில் வானொலித் தொழில்நுட்பவியலாளர். மலையிலிருந்த தேயிலைத் தோட்டங்களுக்குத் தொலைபேசி இல்லாததால், அனுமதி பெற்று எங்களுக்குச் சில வோக்கிடோக்கிகள் எடுத்துத் தந்தார். அவற்றின் அலைவரிசையை மாற்றும் மென்பொருள் பழைய, மெதுவான கணினியில்தான் ஓடும். வேகமான கணினியில் பாதியில் நின்று கருவியையே செயலிழக்கச் செய்துவிடும்.

"புதுசொண்டு வாங்கித் தரட்டோ?" என்று கேட்டேன்.

"என்ர வயித்தெரிச்சலைக் கிளப்பாதையும். இதுக்குக் கிழட்டு மெஷின்தான் வேணும்."

ஒருமுறை அதிகாரிகள் எங்கள் அலைவரிசையை மாற்றினார்கள். நேரமில்லாததால் சிவநேசன் ஒரு கருவியின் அமைப்பைக் கணினியில் படித்து, அதையே எல்லாக் கருவிகளிலும் எழுதினார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அம்புலன்ஸ் கருவியின் உள்ளே இருந்த நிரல் புதிய பதிப்பு. ஒரே அட்டை போட்ட பழைய, புதிய பாடப்புத்தகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பக்க எண்ணைச் சொன்னால் இரண்டு பிள்ளைகள் இரண்டு பாடம் வாசிப்பார்கள். அந்தக் கருவியில் ஒரு பூட்டு தானாக விழுந்துவிட்டது. அலைவரிசையில் இரைச்சல் இருந்தால் கேட்கலாம், பேச முடியாது. மலையில் இரைச்சல் இல்லாத நேரம் ஏது?

ஊரடங்கு நாளொன்றில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து அழைத்தார்கள். முத்துராஜுக்குக் கேட்டது. பொத்தானை அழுத்தி அழுத்திப் பேசினார், பேச்சு வெளியே போகவில்லை. பதில் வராததால் வண்டி வராது என்று நினைத்து, அவளைக் கம்பளியில் கட்டிக் குறுக்குவழியால் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதே நேரம் வண்டி ரோட்டால் ஏறிப்போய் அவர்களைத் தவறவிட்டது. தாய் பிழைத்தாள். பிள்ளை இல்லை.

திருத்துவதற்குச் சிவநேசன் கணினியோடு மலைக்குப் புறப்பட்டார். சோதனைச் சாவடியில் தமிழர், கையில் கருவியைக் கணினியோடு இணைக்கும் வயர்; குண்டுக்கோ என்று சந்தேகம். பொழுதெல்லாம் இருத்திவைத்து அவரை விட்டார்கள், வயரை விடவில்லை. இன்னொரு வயர் செய்தார். அதுவும் சாவடியில் போனது.

"நான் நோயாளிய ஏத்திக்கிட்டுக் கண்டிக்குத்தானே வர்றேன், அங்கயே பாருங்களேன் ஐயா" என்றார் முத்துராஜ்.

"உந்த விசயத்தை முதலே சொல்லித் துலைச்சிருக்கலாமேயப்பா!"

ஆஸ்பத்திரி முற்றத்தில், வண்டிக்குள் குந்தியிருந்து திருத்தினார். "இப்ப நல்லாக் கேக்குதுங்க ஐயா" என்றார் முத்துராஜ்.

"கேக்கிறது அண்டைக்கும் கேட்டதுதானே. கதையும்!" என்று பேசிக் காட்டச் சொன்னார் சிவநேசன்.

இன்னொரு கருவியில் வேண்டுமென்றே இரைச்சலை எழுப்பினார். முத்துராஜ் அழுத்தினார். பேச்சு வெளியே போவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. எங்களுக்குச் சந்தோஷம். அவர் மட்டும் அதையே பார்த்தபடி, "இது அண்டைக்கு எரிஞ்சிருக்க வேணும்" என்றார்.

அதன்பின் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகப் படித்துத்தான் எழுதினார். அவசரப்படுத்தியவர்கள் ஏச்சு வாங்கினார்கள், நானும் வாங்கினேன்.

அவரைப் பொறுமைசாலி என்று யாரும் அஞ்சலியில் எழுதிவிட வேண்டாம். நான் வைத்திருப்பது அவருடைய எரிச்சலைத்தான். யாராவது ஒன்றைத் திருத்தியாயிற்று என்றால், செய்து காட்டச் சொல்கிறேன். வீட்டில் ஏச்சு விழுகிறது. விழட்டும்.