மாமா ஜீப்பில் இருந்த ஓட்டை

என் மாமாவின் ஜீப்பில் ஒரு ஓட்டை இருந்தது. அதன்மேல் எனக்கு இருந்த ஆசையைப் பிற்பாடு எந்த நகைமேலும் நான் வைத்ததில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். ராணுவத்தில் கழித்துப் போட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்திருந்தார். எண்பதுகளின் கடைசி அது. எங்கள் தெருவில் ஸ்கூட்டர் வைத்திருந்தவரையே எல்லோரும் சார் என்று கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மாமா எங்கள் ஊரான கோவில்பதாகைக்கு வந்து, அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போவார். அத்தைக்கு அந்த வண்டியே ஆகாது. தகர டப்பாவில் உருள எனக்கு என்ன தலையெழுத்தா என்று வீட்டிலேயே இருந்துகொள்வார். முன்னால் மாமாவும் அம்மாவும். பின்னால் எதிரெதிர் பெஞ்சில் நானும் மாமா மகளும். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள்.

ஓட்டை அவள் பெஞ்சுப் பக்கம், தரையின் மூலையில் இருந்தது. துரு தின்று தின்று அரையடி நீளத்துக்கு வாயைப் பிளந்திருந்தது. நடுவில் ஸ்டெப்னி டயர் கிடந்ததால் என் பக்கத்திலிருந்து எவ்வளவு எக்கினாலும் தெரியாது. அவளோ ஏறிய உடனே முழங்கையை முட்டியில் ஊன்றிக் குனிந்து, முகத்தை ஓட்டைக்கு நேராக வைத்துக்கொள்வாள். கீழிருந்து அடிக்கும் காற்றில் நெற்றி முடி பறக்கும். ஏரி வரும்வரை நிமிர மாட்டாள். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் ஆரம்பிப்பாள். இன்றைக்குத் தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு மயிலிறகு கிடந்தது. பூந்தமல்லி திரும்பும்போது சீட்டுக்கட்டு ராணி ஒருத்தி மல்லாந்து படுத்திருந்தாள். வாயைத் திறந்துகொண்டு ஒரு தவளை, சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு விரற்கடை.

எங்கள் பக்கத்தில் இதற்குக் காண்டு என்று பெயர். பொறாமை என்று எழுதினால் பள்ளிக்கூடத்து வார்த்தையாகிவிடுகிறது. காண்டு என்றால்தான் வயிற்றில் சுருக்கென்கிறது. ஒருநாள் மட்டும் இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கெஞ்சிப் பார்த்தேன். அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அது அவ எடம் பாப்பா, உட்ரு" என்றார். அவருடைய மகள் அல்லவா, அவருக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கிடைக்காத ஓட்டை யாருக்கும் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஆவடி ரயில்வே கேட் மூடியிருந்த ஒரு ஞாயிறு. வண்டி எங்கே நின்றாலும் அவள் உடனே இறங்கி வெளியே நிற்பாள், அன்றும் இறங்கினாள். நான் டயரைத் தாண்டி அவள் இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். தார் ரோடு. நசுங்கிய எலுமிச்சைத் தோல் ஒன்று. சொட்டு ஆயில். வண்டி நிற்பதால்தான் ஒன்றும் வரவில்லை என்று புரிந்துகொண்டு, ஈஸ்டருக்கு வாங்கிய பூப்போட்ட செருப்பில் ஒன்றைக் கழற்றி, பெருவிரலால் ஓட்டைக்குள் தள்ளினேன். பழையபடி என் இடத்துக்கு வந்துவிட்டேன். கேட் திறந்து, வண்டி இரண்டு கடைத்தெரு தாண்டியதும் அழ ஆரம்பித்தேன். எட்டிப் பார்க்கலாமென்று அந்தப் பக்கம் காலை நீட்டினேன், செருப்பு விழுந்துவிட்டது, காலும் கொஞ்சம் போய்விட்டது என்றேன். மாமா மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா பிடித்துக்கொண்டாள். "இன்னைக்குச் செருப்பு போச்சு. நாளைக்குக் கால் போனா உன் பட்டறையில செஞ்சு தருவியாடா?"

அடுத்த வாரம் சென்னீர்குப்பத்தில் ஒரு கொட்டகையில் வண்டி நின்றது. பெஞ்சுகளைக் கழற்றி, துருவைச் சுரண்டி, ஓட்டையின்மேல் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். பெயிண்ட் அடிக்கிற பாய் பக்கவாட்டில் செய்தித்தாள் ஒட்டி, கம்ப்ரசரை ஓடவிட்டு, தார்போன்ற ரப்பர் பூச்சைத் துப்பாக்கியால் அடிக்கத் தயாராக இருந்தார். இதை அடித்தால் யானையே ஏறினாலும் தாங்கும், ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவிவிடலாம் என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

மாமா தயங்கித் தயங்கி, "பாய், அந்த மூலையில மட்டும் காத்து வர்ற மாதிரி சின்னதா ஒரு ஓட்டை உடலாமா?" என்றார்.

"ஓட்டைய அடைக்கச் சொல்லி வந்துட்டு ஓட்டை கேக்குறியே நைனா" என்று பாய் சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நிலையிலும் மகளுக்கு ஓட்டை கேட்கிறார். நல்லவேளை, அவளே, "வேணாம்பா, மூடிடு" என்றாள். சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை. கரும்பூச்சு புஸ்ஸென்று பறந்து போய் மூலை, தகடு எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. காய்ந்தபோது பலாப்பழத் தோல் மாதிரி சொரசொரவென்று இருந்தது. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

முதல் பயணத்தில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். புதுப் பூச்சின் வாடை வெயிலில் குப்பென்று ஏறியது. இன்றைக்கு என்ன கதை சொல்வாய் என்று கேட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பூந்தமல்லிக்கு முன்னாலேயே, "அப்பா, நிறுத்து" என்றாள். அவர் ஓரம் கட்டுவதற்குள் காலையில் தின்றதெல்லாம் கரும்பூச்சின் மேல் வந்துவிட்டது.

பாய் சொன்னது பொய்யில்லை. ஒரு சொம்புத் தண்ணீரில் தரை பளிச்சென்று ஆனது. மாமா அவள் முகத்தைக் கழுவித் தோளில் சாய்த்துக்கொண்டார். அம்மா ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து மூக்கில் வைத்தாள். ஏரிக்குப் போகவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், அம்மா பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, முன் சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். முன் சீட்டு! ஓட்டையை அடைத்தால் முன் கண்ணாடியே கிடைக்கிறதா அவளுக்கு? எனக்கும் வாந்தி வருகிறதா என்று வழியெல்லாம் முயன்று பார்த்தேன். வரவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அம்மாவும் மாமாவும் தண்ணீர் எடுக்க உள்ளே போனார்கள். அவள் சீட்டின் மேல் தாடையை வைத்துப் பின்னால் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"செருப்பப் போட்டியே, அன்னைக்கு உள்ள எட்டிப் பாத்தேல்ல? இன்னாடி தெரிஞ்சுது?"

பார்த்துவிட்டிருக்கிறாள். யாரிடமும் சொல்லவுமில்லை. "ஒண்ணும் தெரியல" என்றேன்.

"எனக்கும் ஒண்ணும் தெரியாது. கண்ண மூடிக்கினுதான் இருப்பேன் எப்பவும்."

அதற்குப் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. இரண்டு பெஞ்சும் எனக்கே. அந்த வருடம் முழுவதும், ஏரி வரும்வரை அந்த மூலையிலேயே உட்கார்ந்து கருவிக்கொண்டிருந்தேன்: அத்தனை மயிலிறகையும் ராணியையும் பார்த்துவிட்டு, கடைசியில் ஒன்றைக்கூட எனக்குத் தர மனமில்லாமல், கண்ணை மூடியிருந்தேன் என்று எவ்வளவு பெரிய பொய் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்!